மாதிரி எண் 17-அ

ஓடு வந்து சேர்ந்தபோது
எலுமிச்சை மணத்தது.

சாங்கியில் வடிகால் தோண்டிய இடத்தில்
இயந்திரக் கைக்குத் தப்பி
மூன்று மீட்டர் ஆழத்தில் கிடந்ததாம்.
எடுத்தவர் மாசிலாமணி.
அழுக்காய்க் கொடுப்பது மரியாதையில்லை என்று
விடுதிக் குழாயடியில்
பாத்திரச் சோப்புப் போட்டுத் தேய்த்து
சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார்.
டப்பாவின் உட்புறம் போகாத மஞ்சள்.

டாக்டர் கோ தலையில் கைவைத்துக்கொண்டார்.
மூவாயிரமோ நாலாயிரமோ
வயது இன்னும் கணிக்காத ஒன்றை
ஒரு ஞாயிற்றுக்கிழமை
குளிப்பாட்டிவிட்டது.

மண் தோலில்தான் குளிக்கும் என்றேன்.
உள்ளே குடித்ததைத் துப்பாது.

*

கழுத்துப் பக்கம் ஒரு துண்டு.
கொதிக்கையில் கொழுப்பு மேலேறி
அங்கேதான் ஒதுங்கும்.
அடியில் தேடினால் கரி மிஞ்சும்.

மேல்தோலைச் சுரண்டியது
ஒரு குப்பியில்: 17-அ.
உள்மண்ணை மாவாக்கி
இன்னொன்றில்: 17-ஆ.
இரண்டு கிராம்,
ஒரு வேளை ரசத்துக்கு மிளகு பொடிக்கிற அளவு.
குளோரோஃபார்ம். மெத்தனால்.
கூடவே எதுவும் போடாத வெறுங்குப்பி ஒன்று,
பொய் எங்களுடையதா என்று பார்க்க.

இரவு. கென்ட் ரிட்ஜ், ஏழாவது மாடி.
கண்ணாடியில் மழை.
இயந்திரம் ஒவ்வொன்றாய் வெளியே விடுகிறது,
இலேசானது முதலில், கனத்தது கடைசியில்,
பந்தி முடிந்து எழுந்துபோகிறவர்கள் மாதிரி.

17-ஆ:
மீன்.
திருக்கையா கொடுவாயா என்று கேட்காதீர்கள்,
கடலில் நீந்தியது, அவ்வளவுதான்.
அத்தோடு வளையம் போட்ட ஓர் அமிலம்.
சும்மா கிடந்த கொழுப்பில் அது உண்டாகாது.
இருநூற்றெழுபது பாகையில்
மணிக்கணக்காய்ச் சுட்டால்தான் பிறக்கும்.
ஆக, ஒருவர் அடுப்பருகே இருந்திருக்கிறார்.
விறகைத் தள்ளிவிட்டிருக்கிறார்.
ஒரு நாள் அல்ல.
குழம்பின்மேல் குழம்பாய்
மண் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருக்கிறது.
எது முதல் நாள், எது கடைசி நாள்,
பிரித்துச் சொல்லும் இயந்திரம்
எங்களிடம் இல்லை.

*

போனில் கேட்டார்:
"என்ன ஆக்கினாங்க?"
"மீன்."
"சோறு?"
"சோறு லேசில சொல்லாதுங்க.
கொழுப்புதான் மண்ணுல தங்கும்.
சோறு, கிழங்கெல்லாம்
தடமில்லாமப் போயிடும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் ஏதோ லாரி
ரிவர்ஸில் கூவிக்கொண்டிருந்தது.

"அப்ப தெனம் தின்னது தெரியாது.
எப்பவாச்சும் தின்னதுதான் தெரியும்."

ஆய்வுக் கட்டுரையில் இதைச் சொல்ல
எனக்கு இரண்டு பக்கம் ஆகியிருக்கும்.

பிறகு, சிரித்துக்கொண்டே,
"நம்ம பொட்டலத்தத் தோண்டி எடுத்தா?"
விடியுமுன் வந்து இறங்கி
பன்னிரண்டு மணி வெயிலில் பிரிக்கும்போது
புளித்துப்போயிருக்கும் பொட்டலம்.
பாலித்தீன் எதையும் குடித்து வைத்துக்கொள்ளாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
"பாத்துச் சொல்றேங்க" என்றேன்.

*

17-அ, மேல்தோல்:
எலுமிச்சைச் சோப்பு.
மனிதத் தோலின் எண்ணெய்,
கட்டைவிரல் வைத்த இடம்.
பாமாயில், கோடு கூரையைத் தொடும் அளவு.
வெறுங்குப்பியில் இவை எதுவும் இல்லை.
எங்களுடையது அல்ல, அவருடையது.
ஆக, ஒருவர் மதியம் சாப்பிட்டிருக்கிறார்.
கை சரியாகக் கழுவ நேரமில்லாமல்
எழுந்திருக்கிறார்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
மாசு. மூலம். நீக்கப்பட்டதா?

முதலாவதில் பாமாயில் முதலியன.
இரண்டாவதில் அவர் பெயர்.
எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது,
இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில்.
டாக்டர் கோவுக்குத் தமிழ் தெரியாது.
அந்த மாடியில் சிரிக்க நான் ஒருத்திதான்.
சிரிப்பும் பாதியில் நின்றது.

மூன்றாவது கட்டத்தை அப்படியே விட்டேன்.

மைனஸ் இருபதில்
மீன் குப்பிக்குப் பக்கத்தில்
பாமாயில் குப்பியையும் நிறுத்தி
கதவை அடைத்தேன்.
கையுறையைக் கழற்றியபோது
விரலில் இன்னும் எலுமிச்சை.